ஞானஸ்நானத்துக்கு இரண்டு சாட்சிகள்

சித்ரலேகா முப்பத்தொரு வருஷம் பொய்யைத் தட்டச்சு செய்தவள். அப்படி அவளே தன்னைச் சொல்லிக்கொள்வாள் மக்களே, நான் சொல்லவில்லை. திருநெல்வேலியில் ஒரு கோர்ட்டில், நடுவர் சொல்லச் சொல்ல சாட்சிகளின் வாக்குமூலத்தை அடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கூண்டில் ஏறியவன் கடவுள் பேரால் உண்மையைச் சொல்கிறேன் என்று தொடங்குவான். அதையும் அவள் விரல் அடிக்கும், அடுத்து அவன் விடுகிற புளுகையும் அடிக்கும். ஓய்வு பெறுகிற சமயத்தில் அவள் காது அதற்கென்றே பழகிப் போயிருந்தது. ஒருவன் நாலு வாக்கியம் பேசினால் போதும். இது கண்ணால் பார்த்த பேச்சா, வக்கீல் ஆபீசில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்த பேச்சா என்று கண்டுகொள்வாள்.

"பாத்தவன் தடுமாறுவான். பாக்காதவன்தான் கடகடன்னு ஒப்பிப்பான்" என்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தச்சநல்லூரில் அண்ணன் சிவசண்முகத்தோடு இருந்தாள். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், நெற்றி நிறைய திருநீறு இல்லாமல் காபி குடிக்க மாட்டார்.

அதே கோர்ட்டில் எஸ்றா என்று ஒருவர் தலைமை எழுத்தராக இருந்து, இவளுக்கு மூன்று வருஷம் முன்னால் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். தாமிரபரணி வாய்க்கால் பாய்கிற ஒரு கிராமம் அவருக்கு; அங்கே கிறிஸ்தவச் சபைக்கு அவர்தான் செயலாளர். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். சித்ரலேகாவின் பிரிவுபசார நாளன்று எஸ்றா பேருந்து பிடித்து வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய வேதப் புத்தகம் ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"இதுல நாலு பேரு வாக்குமூலம் இருக்கு சித்ராம்மா. சொல்லிக் குடுத்த சாட்சியா, பாத்த சாட்சியான்னு நீங்கதான் சொல்லணும்."

"ஒடச்சுட்டேன்னா வருத்தப்படக் கூடாது எஸ்றா சார்."

"ஒடஞ்சா ஒடயட்டும்மா. ஒடயுத சாமான நான் எதுக்குச் சுமக்கணும்?"

விளையாட்டாகத்தான் தொடங்கினாள். இயேசுவின் வாழ்க்கையை எழுதிய சுவிசேஷக்காரர் நாலு பேருக்கும் நோட்டில் நாலு பத்தி கோடு போட்டு, முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி என்று தலைப்புக் கொடுத்தாள். இயேசுவின் கல்லறைக்கு விடியற்காலையில் போனது யார்? ஒருவர் ஒரே ஒரு பெண் என்கிறார், ஒருவர் இரண்டு பேர், ஒருவர் மூன்று பேர், ஒருவர் அதற்கும் மேல். உள்ளே இருந்த தூதர் ஒருவரா இருவரா? அதிலும் சண்டை. சித்ரலேகாவுக்கு ஒரே சந்தோஷம். நாலு நாளில் வழக்கை முடித்துவிட்டதாக நினைத்தாள்.

ஐந்தாம் நாள் அந்தச் சந்தோஷம் குறைந்தது. நாலு பேரும் ஒரே வக்கீலிடம் போய்வந்தவர்களாக இருந்தால் தூதர் கணக்கையாவது சரிசெய்திருப்பார்களே என்று பட்டது. தடுமாறுகிறார்கள், ஆனால் கல்லறை காலி என்பதில் மட்டும் ஒருவரும் தடுமாறவில்லை.

அதற்காக அவள் உடனே மடங்கிவிடவில்லை. பொய் சொல்கிறவனும் தடுமாறுவான் என்பது அவளுக்குத் தெரியாதா? மாதம் இரண்டு ஞாயிறு, இரண்டு பேருந்து மாறி எஸ்றா வீட்டுக்குப் போய்க் குறுக்கு விசாரணை செய்தாள். ஒரு வருஷம் நடந்தது அது.

"சம்பவம் நடந்து எத்தனையோ வருஷம் கழிச்சு எழுதுன வாக்குமூலம். எந்த கோர்ட்டு ஏத்துக்கிடும்?"

"நம்ம கோர்ட்டுல பத்து வருஷம் கழிச்சு கூண்டுல ஏறுதவன் இல்லையாக்கும்?"

"எதிர்த்தரப்பு ஆளு ஒருத்தரும் இல்லையே சார்? அம்புட்டும் ஒரே கட்சி."

"பவுல் இருக்காருல்லா? இயேசு ஆளுகளப் பிடிச்சு உள்ள போட வந்த ஆளு."

"வந்தவரு கட்சி மாறிட்டாரு. பிறழ் சாட்சி."

"கட்சி மாறுதவனுக்கு ஒரு லாபம் இருக்கணும்மா. இவருக்கு அடியும் ஜெயிலுந்தான கெடச்சிது."

ஒருநாள் கேட்கக் கூடாததைக் கேட்டாள். எஸ்றாவின் மனைவி புற்றுநோயில் ஏழு மாதம் துடித்துச் செத்தவள்.

"அன்னைக்கு ஊரே கூடி ஜெபம் பண்ணினியளே சார். என்ன ஆச்சு?"

எஸ்றா முற்றத்துக் கோழிக்கு ஒரு பிடி அரிசியை இறைத்தார். "தெரியலம்மா" என்றார். "இன்னைக்கு வரைக்கும் தெரியல."

மக்களே, இத்தனை வாதத்துக்கும் அசையாதவள் அந்த ஒரு வார்த்தைக்கு அசைந்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற சாட்சியை அவள் முப்பத்தொரு வருஷத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் பார்த்திருக்கிறாள். இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார். இவர் நம்புகிற இடத்தில் ஏதோ இருக்க வேண்டும். பிறகு வேறு கண்ணோடு அந்த நாலையும் படித்தபோது ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. தலைமைச் சீடனான பேதுரு பயந்துபோய், அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் பொய் சொன்னதை நாலு பேருமே எழுதிவைத்திருந்தார்கள். தன் கட்சிக்குக் கெடுதலானதை எந்தக் கட்சிக்காரன் வாக்குமூலத்தில் விட்டுவைப்பான்?

அவள் ஞானஸ்நானம் வாங்கத் தீர்மானித்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு என்று நாள் குறித்தார்கள்.

சிவசண்முகம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஏளா, அறுவது வயசுக்கு மேல மதம் மாறப் போறியாம்லா? ரேஷன் கார்டுல பேர மாத்தணுமா?"

"பேரு மாறாதுண்ணே. தலையில மூணு தடவ தண்ணி தெளிப்பாவ, அவ்வளவுதான்."

"நான் தெனமும் ஆத்துல முங்குதேன். ஒண்ணும் மாறலயே."

"நீங்க நம்பி முங்கல. வெக்கைக்கு முங்குதிய."

அண்ணன் சிரித்துவிட்டார். தடுக்கவில்லை.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

எஸ்றாவின் ஊரில் டிசம்பர் பிறக்கிற சமயம் கிறிஸ்தவக் கோயில் கோபுரத்தில் பெரிய நட்சத்திரம் ஏற்றுவார்கள். மூங்கில் கட்டி, தகடு அடித்து, உள்ளே விளக்கு வைத்தது. இரண்டு ஆள் சுமக்கிற கனம். உச்சியில் ஒரு கப்பி இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையில் நட்சத்திரம், மறுமுனை கீழே நிற்கிறவர் கையில். மேலே ஒருவன் ஏறி நின்று, வந்துசேர்கிற நட்சத்திரத்தை எட்டிப் பிடித்துச் சிலுவையடியில் கட்ட வேண்டும். கீழே கயிறு பிடிப்பது ஒரு மரியாதை. அந்த மரியாதை எஸ்றா குடும்பத்துக்கு உரியது. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து வருகிறது. அந்தக் கயிற்றில் வேறு ஆள் கை படக் கூடாது. பட்டால் அந்த வருஷம் சபையில் மனஸ்தாபம்தான். மேலே ஏறுகிற வேலைக்கு அப்படி ஒரு மரியாதையும் கிடையாது. சபைப் பிள்ளைகள் மஸ்கட்டிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். பதினோரு வருஷமாக ஏறியவன் பூதத்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு; கும்பிடுவது சுடலைமாடனை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சித்ரலேகாவும் போயிருந்தாள். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. கயிறு நனைந்து கிடந்தது. கடையில் டீ வாங்கிப் பூதத்தானுக்கு நீட்டினாள்.

"வேண்டாம்மா. கோபுரம் ஏறுத அன்னைக்கு டீத்தண்ணி கூட குடிக்க மாட்டேன். நடுவுல மூத்திரம் வந்துச்சுன்னா யாரு எறங்குதது?" என்று சிரித்தான். இரண்டடி தூரத்தில்தான் நின்றான். அவன் மூச்சில் ஒரு வாடையும் இல்லை.

மேலே போனான். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவானவரை ஐயர் என்பார்கள். அப்பாத்துரை ஐயர் கண்ணை மூடி ஜெபம் தொடங்கினார். எஸ்றா இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தார். அறுபத்தைந்து வயது. பக்கத்தில் நாலு வாலிப ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நட்சத்திரம் உச்சிக்குப் போனது. பூதத்தான் ஒரு காலைக் கம்பியில் கோர்த்து, உடம்பை வெளியே நீட்டி, அதை இரண்டு கையாலும் பிடித்தான்.

அப்போது யாரோ எஸ்றாவின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினார்கள். மஸ்கட்டிலிருந்து அவருடைய மகள். "அப்பா, இங்கன பாருங்கப்பா!"

எஸ்றா சிரித்தார். மகளைப் பார்த்து வலது கையை உயர்த்தினார்.

நனைந்த கயிறு இடது கையில் நிற்கவில்லை. உருவிக்கொண்டு போனது. மேலே நட்சத்திரத்தின் கனம் முழுவதும் பூதத்தான் கையில் விழுந்து, அவனையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாலு நாள் கழித்துச் சித்ரலேகா எஸ்றாவைப் பார்க்கப் போனாள். துக்கத்தில் இருப்பார், தைரியம் சொல்லி, சேர்ந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போனாள். அவர் இடது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேல் ஒரே கோடாக ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"கையில என்ன சார்?"

"வெந்நி பட்டுட்டு."

அவள் உட்காரவில்லை. "வெந்நி கோடு கிழிச்சாப்ல படாது சார்."

அதன் பிறகுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டியார் ஒரு கடிதம் எழுதி வாசித்தார்களாம். பூதத்தான் மது அருந்திய நிலையில், யாரும் அழைக்காமல், தானாகவே கோபுரத்தில் ஏறிக் கால் தவறி விழுந்தார் என்று. சபையில் கையெழுத்துப் போடும் வயது வந்தவர்கள் எழுபத்தொரு பேர். எழுபத்தொரு பேரும் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ஊரிலேயே இல்லாதவர்கள் போட்டிருந்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு பாட்டியின் வீட்டுக்கு மை டப்பாவைக் கொண்டுபோய்க் கட்டைவிரல் ரேகை வாங்கியிருந்தார்கள். அவளும் குடிகாரனைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"ஐயருமா?"

"கண்ண மூடி ஜெபத்துல இருந்ததால ஒண்ணும் பாக்கலன்னாரு. பொறவு போட்டாரு."

"நீங்க?"

எஸ்றா துணி சுற்றிய கையை மடியில் மறைத்தார். "எனக்காவத்தானம்மா எழுதியிருக்காவ. எம் மேல கேஸு வரக் கூடாதுன்னு எழுவத்தொரு பேரு பொய் சொல்லியிருக்காவ. இப்ப நான் உண்மையச் சொன்னா அம்புட்டு பேரையும் பொய்யனாக்கணும்லா? எம் மக வேற பாத்துட்டிருந்தா. அவ கூப்பிடப் போயித்தான் ஒரு உயிரு போச்சுன்னு அவ காலம் பூரா..."

"பேதுருவும் பயந்துதான் பொய் சொன்னாரு சார். ஆனா அத எழுதி வச்சாவ. அதனாலதான் நான் நம்பினேன்."

அவர் அழுதிருந்தால் சித்ரலேகாவுக்கு மனசு இளகியிருக்கும். அவர் அழவில்லை. "டீ குடிக்கியளா?" என்று கேட்டார்.

அவள் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு செந்தில்முருகன் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். கோர்ட்டில் அவர் சொன்ன சாட்சியங்களை எத்தனையோ தரம் அடித்தவள் அல்லவா. அவள் எழுதிக் கொண்டுவந்த ஒரு பக்கத்தை முழுதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கியம்மா. கை எப்படித் தூக்குனாரு, கயிறு எப்படிப் போச்சுன்னு அப்படியே கண்ணுல தெரியுது."

"பதிவு பண்ணுங்க."

"எழுவத்தொரு பேரு ஒண்ணு சொல்லுதாவ, நீங்க ஒராளு ஒண்ணு சொல்லுதிய. அந்தச் சபையில மெம்பர் கூட இல்ல. நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலு கூண்டுல நிறுத்தி, ஞானஸ்நானம் தரமாட்டோம்னாவ, அந்தக் கோவத்துல சொல்லுதியளான்னு கேப்பான். ஒங்களுக்குத் தெரியாததா?"

"எழுவத்தொரு பேரும் ஒரே வார்த்தை சொல்லுதாவளே, அது ஒங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"தோணுது. தோணுதத நான் எங்கம்மா எழுத?" என்றார் செந்தில்முருகன். ஆனாலும் காகிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

நாலாம் நாள் பூதத்தானின் மனைவி இசக்கியம்மா தச்சநல்லூருக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"ஸ்டேஷன்ல குடுத்த தாளத் திருப்பி வாங்கிக்கிடுங்கம்மா."

"ஏன் இசக்கியம்மா?"

"கோயில்ல பெருக்குத வேலை தாராவளாம். சின்னவளுக்கு அவிய ஹாஸ்டல்ல எடம் தாராவ. ஒங்க தாளு அங்கன கெடந்தா ஒண்ணும் கெடயாதாம்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நானும் கைநாட்டு வச்சிட்டேன்" என்றாள்.

"என்னன்னு வச்ச?"

"குடிச்சிருந்தாருன்னு."

"குடிச்சிருந்தாரா?"

இசக்கியம்மா நிமிர்ந்தாள். "எங்கிட்டயா கேக்கிய? அவரு வாயில போயிலை கூட வச்சதில்ல. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தக் கோயில்ல இருக்க அம்புட்டு பேத்துக்கும் தெரியும். தெரிஞ்சு என்னத்தச் செய்ய? நீங்க பஸ் ஏறி வந்து உண்மையப் பேசிட்டு, பஸ் ஏறிப் போயிருவிய. நான் அங்கனதான கெடக்கணும்?"

சித்ரலேகா மறுநாளே போய்க் காகிதத்தைத் திருப்பி வாங்கினாள். செந்தில்முருகன் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கதவு வரை வந்து வழியனுப்பினார். அவளைக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள் மக்களே. செத்தவனுக்காகப் பேசப் போய் இருக்கிறவளின் கஞ்சியில் மண்ணைப் போடுவதா என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனால் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேரை அவள் மனதுக்குள் காறித் துப்பியிருப்பாள்! இப்போது அவளும் அவர்களில் ஒருத்தி.

ஞானஸ்நானத்தை விட்டுவிடலாம் என்று ஒரு நாள் நினைப்பாள். இவர்கள் பொய் சொன்னதற்கு அந்த நாலு பேர் என்ன செய்வார்கள் என்று மறுநாள் நினைப்பாள். வாய்க்கால் கலங்கியிருக்கிறது என்பதற்காகப் பொதிகை மலையில் ஊற்றே இல்லை என்றா சொல்ல முடியும்? அவள் விசாரித்து நம்பியது நம்பியதுதான். குறித்த ஞாயிறன்று வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

கோயிலை ஒட்டிய சிறிய அறையில் அப்பாத்துரை ஐயர் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். இளவயது, மென்மையாகப் பேசுகிறவர். வெளியே பாடல் தொடங்கியிருந்தது.

"வாங்கம்மா. கையெழுத்துகள இப்பவே முடிச்சிருவோம். வயசு வந்தவங்க ஞானஸ்நானம் எடுத்தா ரெண்டு சாட்சி வேணும். எஸ்றா அண்ணாச்சி ஒண்ணு, கலையரசி டீச்சர் ஒண்ணு. டீச்சர் பாடகர் குழுவுல நிக்காங்க, பொறவு வந்து போடுவாங்க."

கையெழுத்துக்கு மேலே இருப்பதைப் படிக்காமல் சித்ரலேகா எந்தத் தாளையும் விட்டதில்லை. இவர் மெய்யாகவே மனந்திரும்பி விசுவாசத்துடன் வந்திருக்கிறார் என்பதை உண்மையுள்ள சாட்சிகளாகிய நாங்கள் அறிவோம் என்று அச்சிட்டிருந்தது. கீழே இரண்டு கோடு.

எஸ்றா உள்ளே வந்தார். கையில் துணி இல்லை. உள்ளங்கையில் ஒரு விரல் அகலத்துக்குப் புதுத் தோல் சிவப்பாகப் படர்ந்திருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சித்ரலேகா. "ஐயரே, அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடாத ஆளு இந்தச் சபையில ஒருத்தராவது இருக்காவளா?"

ஐயருக்கு எந்தக் கடிதம் என்று கேட்கத் தேவைப்படவில்லை. "அது வேற விஷயம்மா."

"இருக்காவளான்னுதான் கேக்கேன்."

"...இல்ல."

"அப்போ எனக்கு யாரு சாட்சி?"

"வள்ளியூர்ல இருந்து ரெண்டு பேர வரவழைக்கட்டுமா? எனக்குத் தெரிஞ்ச நல்ல குடும்பம் இருக்கு."

"அவியளுக்கு என்னைத் தெரியாதே. தெரியாமப் போடுத கையெழுத்த எத்தனையோ பாத்தாச்சு ஐயரே." அவள் எஸ்றா பக்கம் திரும்பினாள். "சார், வேற ஒண்ணும் வேண்டாம். போலீஸுக்குப் போக வேண்டாம், கேஸு வேண்டாம். வெளிய சபை கூடியிருக்கு. ஒலிபெருக்கியில ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. பூதத்தான் குடிக்கலன்னு. சொல்லிட்டு வந்து போடுங்க. ஒங்க ஒரு கையெழுத்து எனக்கு எழுவத்தொண்ணுக்குச் சமம்."

வெளியே பாடல் இரண்டாம் அடிக்குப் போயிருந்தது. எஸ்றாவின் உதடு அசைந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்களுந்தான திருப்பி வாங்கிட்டிய சித்ராம்மா?"

அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனால் பொய்யில்லையே.

"ஆமா, வாங்கிட்டேன். எனக்கும் முதுகெலும்பு இல்லன்னு தெரிஞ்சு போச்சு. அதனாலதான் சார் கேக்கேன். என்னை விட ஒரு படி மேல நிக்க ஒரு ஆளு சாட்சியா வேணும். ஒருத்தரு போதும்."

எஸ்றா பேனாவின் மூடியைப் போட்டார். அதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

ஐயர் பதிவேட்டை மூடவில்லை. சித்ரலேகா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வெளிமுற்றத்தில் இசக்கியம்மா வேப்பஞ்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது பாடல் முடிந்து ஒலிபெருக்கி கரகரத்தது. செயலாளர் எஸ்றாவின் குரல். சொல்லப் போகிறார் என்று நினைத்தாள்.

"சகோதரி சித்ரலேகா அவர்களுக்குத் திடீரெனச் சுகவீனம் ஏற்பட்டிருக்கிறபடியால் இன்றைய ஞானஸ்நானம் ஒத்திவைக்கப்படுகிறது. சகோதரியின் சுகத்துக்காக ஜெபித்துக்கொள்ளுவோம்."

பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்ற ஒரு பெண், "யாருக்கோ சொகமில்லையாம், பாவம்" என்றாள். பேருந்து வந்தது.

வீட்டில் சிவசண்முகம் கதவைத் திறந்தார். "என்னளா, தலையில ஈரத்தையே காணும்?"

நடந்ததைச் சொன்னாள். அண்ணன் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"நான் அன்னைக்கே நெனச்சேம்லா. எல்லாம் கட்டுக்கத."

"அது கட்டுக்கத இல்லண்ணே!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு வருஷம் விசாரிச்சிருக்கேன். அந்த நாலு பேரும் பாத்தவங்க சொன்னதத்தான் எழுதியிருக்காவ. இவிய கெட்டா அவிய கெட்டதா ஆயிருமா?"

"சரி, சரி. சாப்பிடு."

சாப்பாட்டில் கை வைத்தபோது செல்போன் அடித்தது. கலையரசி டீச்சர். பாடகர் குழுவில் நின்றவர். அறைக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷி.

"அக்கா, இப்ப எப்படி இருக்கு? சபையே முழங்கால்ல நின்னு ஜெபிச்சோம். எனக்கு அழுகையே வந்துட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நான் நல்லாத்தான் இருக்கேன்." அதைவிட உண்மையான வார்த்தை அன்று அவளிடம் இல்லை.

 மறுமுனையில் டீச்சர் குரல் வெடித்து வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஜெபிச்சு ரெண்டு மணி நேரம் ஆகலியே அக்கா, அதுக்குள்ள சொகமாயிட்டியளே! எந்திரிக்க முடியாமக் கெடந்தியளாம்லா?"

"யாரு சொன்னா? நான் கெடக்கவே இல்ல டீச்சர், கேளுங்க..."

"அதான் அக்கா அற்புதம்! கெடந்ததே ஒங்களுக்கு ஞாபகம் இல்ல பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழம சபையில சாட்சி சொல்லுத நேரத்துல இத நாந்தான் சொல்லப் போறேன். எங் காதால கேட்டதுல்லா!"

போன் வைக்கப்பட்டது. சித்ரலேகா திரும்பக் கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அப்படியே. டீச்சர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருளா?" என்றார் அண்ணன்.

"கலையரசி டீச்சர். எனக்குச் சொகமாயிட்டாம்."

சிவசண்முகம் புரையேறும்வரை சிரித்தார். தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டாகத்தான் கேட்டார். "ஒங்க இயேசு காலத்துலயும் இப்படி ஒரு நல்ல டீச்சரு இருந்திருப்பாளோ?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கால்மணி நேரம் முன்னால் அண்ணனிடம் குரலை உயர்த்திப் பேசியவள், அந்த நாலு பேருக்காக அன்று வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.